விசேஷம் முடியட்டும்

ஜனவரி 20, திங்கள்

காலையில் பருப்பு மில்லுக்கு வெற்றிலையும் பீடிக்கட்டும் கொடுக்கப் போனேன். அங்கே மூட்டை நிறுக்கிற தராசில் குருவையாவை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். விளையாட்டுக்குத்தான். முள் முப்பத்தொன்பதில் நின்றது.

"உளுந்து மூட்டையே அம்பது கிலோடா. உன்னைத் தூக்கி லாரியில போட ஒரு ஆளே போதும்" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். குருவையாவும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, தராசின் மேலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

குருவையா என் தங்கச்சி முனீஸ்வரியின் புருஷன். அதற்கு முன்னாலிருந்தே எனக்குக் கூட்டாளி. இதே மில்லில் இரண்டு பேரும் ஒன்றாக மூட்டை தூக்கினோம். எனக்கு இடுப்பு போனதும் நான் பெட்டிக்கடை வைத்துக்கொண்டேன். அவன் தூக்கிக்கொண்டே இருந்தான். நல்ல உயரம். அந்தக் காலத்தில் நூறு கிலோ மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பீடியை வாயிலிருந்து எடுக்காமலே லாரிப் பலகை ஏறுவான்.

தீபாவளியிலிருந்து இந்த இருமல். "பீடி இருமல்தான் மச்சான்" என்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்று தராசைப் பார்த்தபிறகு அப்படி நினைக்க முடியவில்லை. நாளைக்குக் கடையை என் சம்சாரம் காளீஸ்வரியிடம் விட்டுவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும்.

ஜனவரி 23, வியாழன்

சளியில் டி.பி. கிருமி இருக்கிறதாம்.

ஃபாத்திமா என்று ஒரு பெண். டி.பி. நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை அவளுக்கு. அவள்தான் எங்களை உட்காரவைத்துப் பேசினாள். குருவையாவின் உயரத்தை அளந்தாள், எடை பார்த்தாள், சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கச் சொன்னாள். அவனால் முடியவில்லை.

"வீட்டுக்குப் போக வேண்டாம். இன்னைக்கே படுக்கை போட்டுக் குடுக்கறோம்" என்றாள்.

"மாத்திரைதான? வீட்ல வெச்சே முழுங்கிட்டுப் போறேன்" என்றான் குருவையா.

"மாத்திரை கிருமியைக் கொன்னுரும். அதுல எனக்குப் பயமில்ல. அது கொல்ற வரைக்கும் உங்க உடம்பு தாங்கணும். இந்த உயரத்துக்கு முப்பத்தொன்பது கிலோங்கறது ரொம்ப மோசம். இப்படி இருக்கறவங்க மாத்திரை ஆரம்பிச்ச முதல் ரெண்டு மாசத்துக்குள்ளதான் அதிகமா தவறிடுறாங்க. உள்ள இருந்தா சத்தா சாப்பாடு குடுத்து, மூச்சைக் கவனிச்சு, ஏதாவதுன்னா உடனே பார்ப்போம்."

பிறகு அவளே கேட்டாள். "பீடி எத்தனை வருஷமா?"

"மீசை மொளைக்கறதுக்கு முன்னாடி இருந்து."

"அதை இன்னையோட விடணும். புகை பசியைத் தின்னுரும். சாப்பிடாம பீடியும் டீயுமா ஓட்டியிருப்பீங்க, அதான் இந்த எடை. நுரையீரல் ஏற்கெனவே புண்ணாயிருக்கு. டி.பி. வந்தும் குடிக்கறவங்க, குடிக்காதவங்களைவிட அதிகமா சாகறாங்க. நேராவே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க."

குருவையா என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் ஒருநாளும் பீடி குடித்ததில்லை.

ஜனவரி 24, வெள்ளி

குருவையாவைச் சேர்த்தாகிவிட்டது. முனீஸ்வரி நைட்டி தைக்கிற கம்பெனியில் சொல்லிவிட்டு, காலையில் ஒருநேரம், சாயங்காலம் ஒருநேரம் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு.

அருப்புக்கோட்டை சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்தது. என் மகள் அபிநயாவுக்குப் பூ வைக்க பிப்ரவரி பத்தாம் தேதி நாள் குறித்துவிட்டார்கள். காளீஸ்வரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஜனவரி 27, திங்கள்

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குருவையா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தான். பார்க்கவே நன்றாக இருந்தது.

"அரைக் கிலோ ஏறியிருக்கு மச்சான்" என்றான். பரீட்சையில் பாஸானவன் மாதிரி. நேரத்துக்கு நேரம் கஞ்சி, பால், முட்டை என்று கொடுக்கிறார்களாம். ராத்திரி காய்ச்சல் வரவில்லையாம்.

அபியைப் பற்றித்தான் அதிகம் கேட்டான். மாப்பிள்ளை என்ன வேலை, எவ்வளவு உயரம், கோபப்படுவானா என்று. அவனுக்கும் முனீஸ்வரிக்கும் பிள்ளை இல்லை. அபி நடக்கப் பழகியதே அவன் தோளிலிருந்து இறங்கித்தான்.

"பீடி ஞாபகம்தான் உயிரை வாங்குது" என்றான். "பக்கத்துக் கட்டில்காரர் ஒருத்தர் கக்கூசுக்குப் போறேன்னு போய்க் குடிச்சிட்டு வர்றார். வாசனை வருது. நான் தலையணையில மூஞ்சியப் பொத்திக்கிடறேன்."

கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டினேன். முதுகெலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டுப்பட்டது.

ஜனவரி 29, புதன்

கடைக்குப் புதுப் படுதா வாங்கினேன். நீலம்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது காளீஸ்வரி ஒரு விஷயம் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே பழக்கடை வைத்திருக்கிற அம்மா, சம்பந்தி ராமசுப்புவுக்கு அண்ணியாம். நிச்சயம் பேச வந்தபோது கூட வந்தாரே, தடித்த கண்ணாடி போட்டவர், அவர்தான். முனீஸ்வரி அங்கேதான் தினமும் வாழைப்பழம் வாங்குகிறாளாம்.

"வார்டுல யாரு இருக்கான்னு கேட்டா மதினி என்ன சொல்லுவாங்களோ தெரியல" என்றாள்.

ரசத்தில் உப்பு அதிகம்.

ஜனவரி 31, வெள்ளி

குருவையாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி அவனுக்கு ஒத்துவரவில்லை. ஓயாத சத்தம், மருந்து நெடி. பீடி இல்லாமல் கை நடுங்குகிறது என்கிறான். எத்தனை நாளைக்கு ஒரு மனுஷனை அப்படிப் போட்டு வைப்பது?

முனீஸ்வரி கம்பெனிக்குப் போன பிறகுதான் போனேன். அந்த நேரத்தில்தான் எனக்குக் கடையை விட்டு வர ஒழிந்தது.

நர்சம்மா விடவில்லை. "எடை இப்பதான் ஏற ஆரம்பிச்சிருக்கு, ரெண்டு வாரமாவது இருக்கட்டும்" என்றார். "மாத்திரையை நாங்க வேளாவேளைக்குக் குடுத்துக்கறோம், முட்டை பால் எல்லாம் வீட்ல கிடைக்காதா" என்று சொன்னேன். டாக்டரும் வந்து சொல்லிப் பார்த்தார். கடைசியில் எங்கள் பொறுப்பில் கூட்டிப் போகிறோம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். குருவையா கோணலாக ஒன்று போட்டான். கீழே நான் ஒரு கையெழுத்துப் போட்டேன்.

பின்வாசல் வழியாக வந்தோம். அங்கேதான் வண்டியை நிறுத்தியிருந்தேன்.

வேப்பமரத்தடியில் அவன் மூச்சு வாங்க நின்றான். என் சட்டைப் பையில் இருந்த பீடியை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பற்றவைத்தான். முகம் தெளிந்தது. ஒரு ஆளுக்குச் சந்தோஷம் என்று ஒன்று வேண்டும் அல்லவா?

வண்டியில் வரும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அபிக்குப் பூ வைக்கிறது என்னைக்கு மச்சான்?"

"பத்தாம் தேதி."

"ம்" என்றான். பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கிற பாரமே வண்டியில் தெரியவில்லை.

பிப்ரவரி 1, சனி

கடை திறந்தவுடனே முனீஸ்வரி வந்து நின்றாள். ராத்திரி தூங்காத கண்.

"ஏண்ணே கூட்டிட்டு வந்தே?"

"அவன்தான்மா கேட்டான். இருக்க முடியலன்னு சொன்னான்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய் அதிகம். ஒன்றும் பேசாமல் ஒரு முட்டை அட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஃபாத்திமா குருவையா வீட்டுக்கு வந்திருந்தாள். என்னையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். எடை மெஷினைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். ஏறின அரைக் கிலோ போய்விட்டது. அதற்கு மேலும் கொஞ்சம்.

"நாளைக்கு ஆட்டோ அனுப்பறேன். திரும்ப வந்துருங்க" என்றாள்.

"ஒரு வாரம் போகட்டும்மா. வீட்ல ஒரு விசேஷம் இருக்கு. முடிஞ்சதும் நானே கொண்டுவந்து விடறேன்" என்றேன்.

"இவருக்கு ஒரு வாரங்கறது சாதாரண ஒரு வாரம் இல்லண்ணே."

குருவையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "விசேஷம் முடியட்டும்மா. வந்துடறேன்" என்று அவனே சொன்னான். நான் சொல்லச் சொல்லவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

ஃபாத்திமா முனீஸ்வரியைப் பார்த்தாள். முனீஸ்வரி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 5, புதன்

குருவையா மெதுவாக நடந்து கடைக்கு வந்தான். சோடாப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன், பாதி குடித்தான். பன் கொடுத்தேன், பிய்த்துக் காக்காய்க்குப் போட்டான். நாக்கில் எதுவுமே ருசிக்கவில்லை என்றான்.

பற்றவைக்க ஒன்று கொடுத்தேன். அதற்கு மேல் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

சேலை எடுத்தாகிவிட்டது. அபிக்கு அரக்கு. காளீஸ்வரிக்கு மயில்கழுத்து நிறம். முனீஸ்வரிக்கும் ஒன்று.

குருவையா வந்தான். நேற்றைய அளவுக்குக்கூட நடக்க முடியவில்லை, தெருமுனையில் இரண்டு தடவை நின்றான். வந்தவனை வெறுங்கையோடு எப்படி அனுப்புவது?

பிப்ரவரி 7, வெள்ளி

"அண்ணன்கிட்ட பீடி நாத்தம் அடிக்குது" என்றாள் காளீஸ்வரி. குருவையாவுக்குக் கூழ் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். "இந்த நெலமையில யாருங்க அவருக்குக் குடுக்கறது?"

"ஊர்ல நம்ம கடை ஒண்ணுதான் இருக்கா?" என்றேன்.

கூழ் அப்படியே திரும்பி வந்திருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒரு சங்கடமான வேலை. சாயங்காலம் குருவையா வீட்டுக்குப் போனேன். நாளைக்கு மண்டபத்தில் கூட்டம், புகை, ஏசிக் குளிர், இருமலோடு வந்தால் அவனுக்குத்தான் சிரமம் என்று எடுத்துச் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். ஃபாத்திமாகூட கூட்டமான இடத்துக்குப் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

கொடியில் ஒரு பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் தேய்த்துத் தொங்கவிட்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"இடுப்புல நிக்காது மச்சான். பெல்ட்டு போட்டாலும் நிக்காது" என்றான். "முனியை அனுப்பறேன். அவ போதும்."

பிப்ரவரி 10, திங்கள்

கடவுள் புண்ணியத்தில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து இரண்டு வேன் வந்தது. தாம்பாளம் இருபத்தொன்று. மாப்பிள்ளைப் பையன் அடக்கமாக இருந்தான். அரக்குச் சேலையில் அபி அழகாக இருந்தாள். சமையல்காரர் சாம்பாரில் மட்டும் கொஞ்சம் கைவிட்டுவிட்டார். மற்றபடி குறையில்லை. கல்யாணத்தை வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள்.

பழக்கடை அம்மாவும் வந்திருந்தார். முனீஸ்வரியைப் பார்த்து, "உங்களை எங்கயோ பார்த்திருக்கேனே" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "நைட்டிக் கம்பெனியில வேலை பாக்கறேன்மா, அந்தப் பக்கம்தான் போவேன் வருவேன்" என்றாள் முனீஸ்வரி. அவரும் அத்தோடு விட்டுவிட்டார்.

"குருவையா மாமா ஏன்பா வரல?" என்று அபி இரண்டு தடவை கேட்டாள். மாமாவுக்குக் காய்ச்சல் என்றேன்.

கூட்டம் கலைந்தபின் அடுக்குத் தூக்கில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். குருவையா ஒவ்வொன்றாகக் கேட்டான். யார் யார் வந்தார்கள், பூ வைத்தது யார், அபி அழுதாளா, சிரித்தாளா. போட்டோ காட்டினேன். செல்போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். கேசரியை மட்டும் ஒரு வாய் வைத்தான்.

"நல்லா நடந்துச்சுல்ல?"

"நல்லா நடந்துச்சு மாப்ள."

"அப்ப நாளைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டுரு மச்சான். நான் போய்ப் படுத்துக்கறேன்."

நாளைக்கு மண்டபத்துப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். நாளைக் கழித்துப் போகலாம் என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் குருவையாவால் எழுந்து உட்கார முடியவில்லை. மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. ஆட்டோவில் நானும் முனீஸ்வரியும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு போனோம். இந்தத் தடவை முன்வாசலில்தான் இறங்கினோம். எதிரே பழக்கடை திறந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

நிற்க முடியாததால் எடை பார்க்க அவனை நாற்காலியோடு வைத்து நிறுத்தார்கள். முப்பத்தைந்து.

அதே நர்சம்மா. என்னைப் பார்த்தார். எடையைச் சீட்டில் எழுதினார். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

மூக்கில் ஆக்சிஜன் குழாய். கஞ்சியைக் குழாய் வழியாக விடுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கவேண்டுமாம். இப்படி வற்றிப்போன உடம்புக்கு ஒரேயடியாகச் சாப்பாடு கொடுத்தாலும் ஆபத்தாம். சாப்பாடே ஆபத்தாகிப்போகும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

ஃபாத்திமாவை வராந்தாவில் பார்த்தேன். "மாத்திரை வேலை செய்யுதுதானம்மா?" என்று கேட்டேன்.

"செய்யுதுண்ணே. கிருமி கொறஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்."

"அப்புறம் ஏன் இப்படி?"

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். அப்புறம், "நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று கொஞ்சம் தெளிவாக இருந்தான். முனீஸ்வரி துணி துவைக்கப் போயிருந்தாள். கண்ணைக் காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டான். குனிந்தேன்.

"பீடி வேண்டாம் மச்சான்" என்றான்.

நான் கொண்டுபோகவே இல்லை. கொண்டுவந்திருப்பேன் என்று நினைத்திருக்கிறான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

விடிந்து சற்று நேரத்தில் குருவையா போய்விட்டான்.

பிப்ரவரி 20, வியாழன்

நேற்று எல்லாம் முடிந்தது. மில்லிலிருந்து லோடுமேன்கள் அத்தனை பேரும் வந்தார்கள். தோள் கொடுக்க அவ்வளவு ஆள் தேவைப்படவில்லை. ஆனாலும் மாற்றி மாற்றி எல்லோரும் கொடுத்தார்கள். மேஸ்திரி சுடுகாட்டில் ஓரமாக நின்று அழுதார்.

அருப்புக்கோட்டையிலிருந்து சம்பந்தி ராமசுப்பு வந்திருந்தார். கூடவே பழக்கடை அம்மாவும். என்ன நோய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே தண்ணீர்ச் சொம்போடு போனேன்.

"டி.பி.யாமே" என்றார் ராமசுப்பு.

தலையாட்டினேன்.

"எங்க அண்ணனுக்கும் அதான் வந்துச்சு. இதோ, இவங்க வீட்டுக்காரருக்கு. ரெண்டு வருஷம் இருக்கும். இதே ஆஸ்பத்திரியிலதான் ஒரு மாசத்துக்கு மேல கெடந்தார். இவங்க பழக்கடை போட்டதே அப்பத்தான், அவரைப் பாத்துக்கிட்டே பொழப்பையும் பாக்கணும்னு. இப்ப கல்லு மாதிரி இருக்கார்."

பழக்கடை அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரும் சுருட்டு குடிப்பார். அதைப் புடுங்கிப் போட்டு, முட்டையும் கடலையுமா திணிச்சு, அடிச்சுத்தான் உக்கார வெச்சேன். இந்தப் பொண்ணை ஆஸ்பத்திரியில பாத்த ஞாபகம் எனக்கு இருக்கு. விசேஷத்தன்னைக்குக் கேட்டேன், மழுப்பிருச்சு. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தெனமும் போய்ப் பாத்திருப்பேனே தம்பி. எதிர்லதான கடை."

சொம்பு கையிலேயே இருந்தது. அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

கடை திறக்கவில்லை.

பிப்ரவரி 26, புதன்

கடை திறந்தேன். திறக்காமல் முடியாது. மில்லிலிருந்து வந்த ஆட்கள் வழக்கம்போல் கேட்டார்கள். பீடிக்கட்டை எடுத்துப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச் 5, புதன்

பதினாறு கும்பிட்டோம்.

மத்தியானம் ஃபாத்திமா வந்தாள். கூடப் பழகியவர்கள் எல்லோருக்கும் பரிசோதனை செய்யவேண்டும் என்று போன வாரமே கூட்டிப்போயிருந்தாள். முனீஸ்வரிக்கு ஒன்றுமில்லை. எனக்கும் காளீஸ்வரிக்கும் அபிக்கும் ஒன்றுமில்லை. ஆனால் முனீஸ்வரி நாற்பத்திரண்டு கிலோதான் இருக்கிறாளாம். அவள் நன்றாகச் சாப்பிடவேண்டும் என்று காளீஸ்வரியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வாசல்வரை கூடப் போனேன். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அங்கயே இருந்திருந்தா பொழச்சிருப்பானாம்மா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தாள். "சொல்ல முடியாதுண்ணே. ரொம்பக் குறைஞ்சுதான் வந்தார். உள்ள இருந்தும் சிலர் தவறியிருக்காங்க. ஆனா வாய்ப்பு இருந்துச்சு. அவருக்கு எடை ஏற ஆரம்பிச்சிருந்துச்சே."

ஆறுதலாகப் பொய் சொல்லத் தெரியாத பெண்.

மார்ச் 9, ஞாயிறு

முனீஸ்வரிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். காளீஸ்வரி மட்டன் எடுத்துக் குழம்பு வைத்திருந்தாள். முனீஸ்வரி சாப்பிட உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். பாதிச் சாப்பாட்டில் நானாகத்தான் பேச்செடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது.

"அவன் மட்டும் அன்னைக்கு வரேன்னு அடம்புடிக்காம இருந்திருந்தா..." என்றேன்.

முனீஸ்வரி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"அண்ணே, அவர் என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டார்."

"என்ன சொன்னான்?"

"கூட்டிட்டு வந்த அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிட்டார். 'உங்க அண்ணன் வந்து பீடியைக் காட்டுனான். வீட்டுக்கு வா மாப்ள, அங்க உன்னை யாரும் தடுக்க மாட்டாங்கன்னான். வாசல்ல சம்பந்தி வீட்டுக்காரங்க கடை இருக்கு, அதுக்குத்தான் பின்பக்கமா கூட்டிட்டு வர்றான்னு எனக்குத் தெரியாதா'ன்னார். நான் அப்பவே உன்னைத் தேடிக் கெளம்புனேன். கையைப் புடிச்சுக்கிட்டார். 'அவன்கிட்ட எதுவும் கேக்காத. அபிக்குப் பூ வைக்கட்டும். நம்மளால அந்தப் பிள்ளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது. விசேஷம் முடியட்டும், நானே போய்ப் படுத்துக்கறேன். பத்து நாள்தான'ன்னார்."

தட்டின் ஓரத்தில் எலும்பை ஒதுக்கினாள்.

"மறுநாள் உன் கடைக்கு வந்தும், ஒரு கேள்விக்கு மேல வாயைத் தொறக்காம திரும்புனேன் பாரு, அதுக்குத்தான். நானும் பத்து நாள்தானன்னு நெனச்சிட்டேன். அதை நெனச்சாத்தான் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

"பீடிக்காகத்தான் வந்தான்னு நெனச்சேன்மா" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது.

"பீடி வேணும்னுதான் இருந்துச்சு அவருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். நீ குடுத்தப்பல்லாம் குடிச்சார். ஆனா அதுக்காக வரல."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். கிளம்பும்போது வாசலில் வந்து நின்று, "இதை அபிகிட்ட மட்டும் சொல்லிராதண்ணே. அந்தப் பிள்ளை தாங்காது" என்றாள்.

சரி என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அபி கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தாள். உறவுக்காரர்கள் பெயரையெல்லாம் வரிசைப்படுத்த வேண்டுமாம். அச்சாபீசில் நாளைக்குள் கேட்டிருக்கிறார்கள்.

"குருவையா மாமா பேரை எங்கப்பா போடறது?"

"முதல்ல போடு."

"தாத்தா பேருக்கும் மேலயா? அப்படி யாரும் போட மாட்டாங்களேப்பா."

"போடும்மா."

"ஏன்?" என்று நிமிர்ந்து பார்த்தாள்.

கடையைப் பூட்டினேனா என்று சந்தேகமாக இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். இன்று ஞாயிறு. கடை திறக்கவே இல்லை.